உள்ளே நிற்காத பூச்சட்டி

இங்கிலாந்தில், கிங்ஸ்பரியில் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒக்டோபர் மாதம் ஒரு சடங்கு உண்டு. குளிர் தொடங்கியதும் கறிவேப்பிலைச் சட்டியை வீட்டுக்குள் எடுப்பது. ஹீட்டருக்குப் பக்கத்தில், வெளிச்சம் படுகிற யன்னலோரம் வைத்து, பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல் ஏப்ரல் வரை பார்ப்போம். மனைவியின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் நானும் அதைச் செய்தேன். கறிவேப்பிலையோடு அவளுடைய மற்றச் சட்டியையும் உள்ளே தூக்கி வந்தேன்.

மற்றச் சட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. சரளைக் கல். அதன் நடுவே தரையோடு ஒட்டிக் கொஞ்சம் பச்சை இலை. ஸ்பிரிங் ஜென்ஷன் என்று பெயர். இங்கிலாந்தின் வடக்கு மலைகளில் ஏதோ சில இடங்களில் மட்டும் தானாக முளைக்கிற பூ. பங்குக் கோயிலிலிருந்து பஸ் பிடித்து யாத்திரை போன வருடம், சோற்றுப் பார்சல் சாப்பிட நிறுத்திய இடத்தில் அவள் அதைக் கண்டாள். எல்லோரும் சாப்பிட, இவள் மட்டும் புல்லில் முழங்காலில் இருந்தாள். செபிக்கிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, இந்த நீலத்தை ஒருக்கா வந்து பாருங்கோ."

"பஸ் நிக்குது, எழும்பும்" என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

காட்டில் நிற்பதைப் பிடுங்கக் கூடாதாம். ஆகவே எங்கேயோ எழுதி விதை எடுப்பித்தாள். மாரியில் விதைத்துப் பனியிலேயே விட்டாள். மூன்று முளைத்தன, ஒன்று மிஞ்சியது. நாலு வருடம் அது பூக்கவே இல்லை. "கல்லுக்குத் தண்ணி ஊத்துறீர்" என்று பகிடி பண்ணுவேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் "இவ கல் வளர்க்கிறா" என்று கூட்டிப்போய்க் காட்டுவேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் செடியைப் பற்றி அவள் எனக்குச் சொன்னது நிறைய இருக்கும். அந்த நேரமெல்லாம் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

ஆசுபத்திரியில் கடைசிக் கிழமை, "அது வாற வருசம் பூக்கும். பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். ஓம் என்றேன். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது. அதையும் சாக விட்டால் நான் ஒரு மனிதனே இல்லை என்று இருந்தது. அதனால்தான் உள்ளே எடுத்தேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் கறிவேப்பிலையைவிட நல்ல இடமாகப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் காலை எழும்பி வந்தால் கறிவேப்பிலை நிற்கிறது, அதைக் காணவில்லை. குசினி யன்னலால் பார்த்தேன். தோட்டத்துக் கல்மேசையில், அது நாலு வருடம் இருந்து பதிந்த வட்டத்துக்குள், கச்சிதமாக இருந்தது. பின்கதவு பூட்டியிருந்தது. திறப்பு ஆணியில் தொங்கியது. வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை.

திரும்ப உள்ளே எடுத்து வைத்தேன். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் வெளியில்.

மகள் ஹரோவில் இருக்கிறாள், சனிக்கிழமைகளில் வருவாள். சொன்னேன்.

"அப்பா, நீங்களே வைச்சிட்டு மறந்திருப்பீங்கள்."

"எனக்கு என்ன மூளை பிசகிட்டுதே?"

"அப்ப ஒரு கமரா பூட்டுவம். போனிலையே பாக்கலாம்."

வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஏன் கத்தினேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பொழுது பட்டால் சட்டி வைத்த அறைப் பக்கம் முதுகைக் காட்டி இருக்க மாட்டேன். ஆனால் அது நின்றுபோய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மகள் சொல்லிப் பங்குத்தந்தை வந்து வீடு மந்திரித்தார். தீர்த்தம் தெளிக்கும்போது சட்டியை அவருக்குத் தெரியாமல் மற்ற அறைக்கு மாற்றி வைத்தேன். "பயமா இருக்கோ?" என்று கேட்டார். "ஓம் ஃபாதர்" என்றேன். அது பாதிப் பொய். மறுநாள் சட்டி வெளியில் இருந்தபோது எனக்கு வந்தது சந்தோசம்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. காலையில் கட்டிலின் கால்மாட்டில் போர்வை ஈரமாக இருக்கும். சில நாள் விரிப்பில் மணல் மணலாக ஏதோ உரசும். கூரை ஒழுகுகிறதா என்று ஏணி வைத்துப் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. அவள் பக்கத்துத் தலையணை மட்டும் எப்போதும் காய்ந்தே இருந்தது.

நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள். விடவில்லை. பின்னேரத்தில் உள்ளே எடுப்பேன். "குளிருது, உள்ளுக்கு இரும்" என்று வாய்விட்டே சொல்வேன். விடிந்தால் வெளியில் இருக்கும். முப்பத்து நான்கு வருடம் போட்ட சண்டையை நாங்கள் நிறுத்தவில்லை என்றே நம்பினேன். செத்த வீட்டில் நான் அழவில்லை என்று சனம் கதைத்தது காதில் விழுந்தது. ஏன் அழ வேண்டும், ஆள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு விரல் அளவுக்குப் பனி கொட்டியிருந்தது. சட்டி மேசையில் இருந்தது. கதவடியிலிருந்து மேசைக்கு வெறும் காலடிகள் போய்த் திரும்பியிருந்தன. குனிந்து பார்த்தேன். வலது காலில் ஐந்து விரல். இடது காலில் நாலு.

சீனி வருத்தத்தில் என் இடது சுண்டுவிரலை வெட்டி எடுத்து ஆறு வருடம். பாதங்களில் உணர்ச்சியும் குறைவு. பனியில் நடந்தாலும் தெரியாது.

அந்த வாசற்படியிலேயே இருந்து அழுதேன். எனக்கு அவள் செத்தது அன்றைக்குத்தான். மகள் வரும்வரை எழும்பவில்லை. அவள் பனியிலிருந்த அடையாளங்களைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், சப்பாத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். பிறகு போனில் அந்தப் பூவைப் பற்றித் தேடினாள்.

"அப்பா, இதுக்குக் குளிர் வேணுமாம். மாரியிலை சூட்டிலை வைச்சா பூக்காது, செத்தும் போகுமாம். வெளியிலை வைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்று வாய் வரை வந்தது. சொன்னவள் ஒருத்தி இருந்தாள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்கவில்லை. அவனுக்குள் வேறு எவனோ கேட்டு வைத்திருக்கிறான்.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் ஒன்றை மகளுக்குக் காட்டவில்லை. மேசையடியில் இரண்டு பாதங்களும் சேர்ந்து பதிந்த இடத்தில் பனி கல் வரைக்கும் உருகியிருந்தது. நெடுநேரம் நின்றிருக்கிறேன். பாதங்கள் பார்த்த திசை சட்டி அல்ல. மேசைக்குப் பக்கத்தில், பின்னேரங்களில் அவள் வந்து இருக்கும் தோட்டத்துக் கதிரை. ஒருவர் சொல்ல நின்று கேட்கிறவனின் கால்கள் அவை. கதிரையில் பனி கலையாமல் இருந்தது.

அதற்குப் பிறகு சட்டியை வெளியிலேயே விட்டேன். போர்வையும் ஈரமாகவில்லை. ஏப்ரலில் ஒரு மொட்டு வந்து, ஒரு காலை வெயிலில் விரிந்தது. ஐந்து இதழ். அந்த நீலத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பார்த்தால் பயமாக இருந்தது என்று மட்டும் சொல்வேன். முழங்காலில் இருந்து பார்த்தேன். எழும்பச் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த ஒக்டோபரில் கறிவேப்பிலையை உள்ளே எடுத்த அன்று ஒரு பிழையான வேலை செய்தேன். பிழை என்று தெரிந்தே செய்தேன். அவளுடைய சட்டியையும் தூக்கி வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைப் பூட்டித் திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு, கால்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் அது வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. மூன்றாம் நாள் இலையின் நுனியில் மஞ்சள் தட்டியதைக் கண்டு, நானே தூக்கிக்கொண்டு போய் வெளியில் வைத்தேன்.