பேஸ்மட்டம்

குணசேகரன் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த ஊருக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதில் முக்கால்வாசி ஊர்களில் அவர் கால் பட்டதில்லை. ரிட்டயரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மகள் சுடர்விழி கல்யாணமாகி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனதும், சொந்த ஊரான அரிமளத்தில் உட்கார்ந்தபடியே அந்த ஊருக்கும் அவர்தான் பொறுப்பு என்றாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரன் மிசிசிப்பிக் கரையில் தோல் வியாபாரத்துக்குக் கடை போட்டது, நீராவிக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றது, எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் இன்று மூன்று லட்சம்கூடத் தேறாதது என்று டீக்கடையில் அளந்துவிடுவார். எல்லாம் செல்போனில் படித்ததுதான். ‘நீங்க எப்பப் போயிட்டு வந்தீங்க?’ என்று யாராவது கேட்டால் டீயில் சர்க்கரை குறைவு என்பார். மகள் கூப்பிடும்போதெல்லாம் மூட்டுவலி என்று தள்ளிப்போட்டார். உண்மையில் விமானம் ஏற அவருக்குப் பயம்.

போன ஜூலையில் ஒருநாள் காலை சுடர்விழி போன் செய்தாள். பேய்மழை, மாப்பிள்ளை வெளியூரில், பேஸ்மென்டில் தண்ணீர் ஏறிவிட்டது என்றாள். குணசேகரன் சொந்த வீடு கட்டியவர். நம் பக்கம் பேஸ்மட்டம் என்றால் வீட்டுத் தரைக்கு அடியில் கல்லும் மண்ணும் போட்டு மேடாக உயர்த்துவது; அவர் அதையே நினைத்துக்கொண்டார்.

“பேஸ்மட்டத்தோட நின்னுருச்சுல்ல, அப்பறம் என்னத்தா? இங்கிட்டுக் கம்மாயில சொட்டுத் தண்ணி இல்ல. அங்கிட்டாச்சும் பெய்யட்டும்” என்று சொல்லிவிட்டு, தொண்ணூற்று மூன்றில் மிசிசிப்பி பெருகிய கதையைத் தொடங்கினார். பாதியில் லைன் கட்டானது. சிக்னல் இல்லை என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. இவர் அடித்தாலும் எடுக்கவில்லை. ஒரே பிள்ளை. குணசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், மகளோடு தன் போனில் பேசிவந்த மனைவி அமராவதிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

“ஏங்க, அங்கன பேஸ்மென்ட்டுன்னா வீட்டுக்கு அடியில இருக்குற ரூமாம். முழங்கால் தண்ணியில ஒத்தையில நின்னுக்கிட்டு ஒங்களுக்குப் போன் பண்ணிருக்கா.”

எட்டரை லட்சம் எப்படி மூன்று லட்சமானது என்று தெரிந்த மண்டைக்கு, அந்த மூன்று லட்சத்தில் ஒருத்தியின் வீடு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மறுபடி அடித்தார். எடுத்தாள்.

“அப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாதுத்தா. ஒன் வீட்டக் கொஞ்சம் காட்டு.”

 அவள் வீடியோவைப் போட்டு அடுப்படி, கூடம் எல்லாம் காட்டினாள். மரப்படி இறங்கிக் கீழே போனாள். சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. மூலையில் மெத்தையில்லாத ஒரு கட்டில். அது யாருடையது என்று கேட்டார்.

“நீங்களும் அம்மாவும் வந்தாப் படுக்கன்னு வாங்குனதுப்பா” என்றாள். “நாலு வருசமாக் கெடக்கு.”