பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்

பீன்ஸ் சூப்பைக் கிளறும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொல்: "ஹாட்... ஹாட்டர்... ஹாட்டஸ்ட்!" கடைசிச் சொல்லுக்கு, அகப்பையால் பானை விளிம்பில் ஒரு தட்டு. பல்கேரியாவின் பிரின் மலை விடுதியைக் கவனித்துக்கொள்ளும் ரைனாவுக்குப் பொழுது இப்படித்தான் விடியும். மலையேற வந்த யாரோ விட்டுப்போன ஆங்கில இலக்கணப் புத்தகத்தை எலி தின்றது போக மிஞ்சியது ஒப்பீட்டுப் பாடம் மட்டுமே. அவளுடைய ஆங்கிலமும் அவ்வளவுதான்.

"நம்ம பல்கேரிய மொழியில ஒண்ணைவிட ஒசத்தின்னா சொல்லுக்கு முன்னால ஒரு 'போ', எல்லாத்துக்கும் மேலன்னா ஒரு 'நை'. ஒட்டிட்டாப் போதும். இவங்க 'குட்'டைப் பாரு, ஸ்பாஸ்! கொஞ்சம் ஒசந்ததும் ஆளே மாறி 'பெட்டர்' ஆயிடுது. பழைய முகத்தையே காணோம்!"

"தண்ணி வேணுமான்னு கேக்கத் தெரியல. இதுல ஒசத்தி வேற," என்பான் கணவன்.

"என் சூப்பு பெட்டர். உங்கம்மா சூப்பு வொர்ஸ்ட். புரியுதா?"

போன பிப்ரவரியில் ஒரு மதியம், பனிச்சறுக்கில் விழுந்த வெளிநாட்டுப் பெண்ணை ஸ்பாஸ் இழுவைப் பலகையில் கொண்டுவந்தான். கால் கோணிக் கிடந்தது. வெளியே பனிப்புயல்.

"கால்தானே, கட்டுப் போட்டுடலாம். புயல் ஓயட்டும், காலையில கீழ கொண்டுபோவோம்," என்றான் ஸ்பாஸ்.

ரைனா அந்தக் காலைத் தொட்டாள். "பேட்?"

"பேட்."

விரல்கள் மேலே நகர்ந்தன. இடுப்பு, விலா, வயிறு. பெண் பல்லைக் கடித்தாள். "வொர்ஸ்." காலைவிட மோசம்.

ஸ்பாஸ் பெண்ணுக்கு நீட்டிய தேநீரை, வயிற்றில் அடி என்று, ரைனா தள்ளிவிட்டாள். சற்றுப் பொறுத்து, "பெட்டர்?"

"வொர்ஸ்."

மறுபடி கேட்டபோது பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. "வொர்ஸ்ட்."

"ரேடியோவை எடு. கால்னு சொல்லாத, வயிறுன்னு சொல்லு. இப்பவே வரச் சொல்லு."

"இந்தப் புயல்லயா? யார் வருவா?"

"ஸ்பாஸ்! இதுக்கு மேல சொல்ல அவங்க பாஷையில சொல்லே இல்ல!"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினான். இருட்டுவதற்குள் மீட்புக்குழுவின் பனிவண்டி வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள் ரத்தம். ஆபரேஷன் முடிந்து பிழைத்துவிட்டாள். விடியும்வரை வைத்திருந்தால் உயிர் தங்கியிருக்காது. ஸ்பாஸ் ரேடியோவைக் கீழே வைத்தான். கையளவு சொற்களை வைத்துக்கொண்டு ஓர் உடம்புக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாளே இவள்! யாரோ புதியவளைப் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தான்.

ரைனா கதவைத் திறந்து வெளியே போனாள். இரண்டு கைகளாலும் பனியை அள்ளி முகத்தில் அழுத்திக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றாள்.