அத்தையும் நீல ராஜாவும்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகப் புருஷனை வேண்டாமென்றவள் என்று எங்கள் அத்தையைப் பற்றி உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. யார் வீட்டில் விசேஷம் என்றாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். கேட்கிறவர்களும் இப்போதுதான் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். அந்தச் சம்பவத்தின்போது பக்கத்திலேயே நின்றவள் என்பதால் என்னைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுவார்கள். நானும் ரொம்ப வருடம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான அட்டை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்து அச்சகத்துக்குக் கொடுப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பங்குக் கோயில் ஆட்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டால் அவர்கள் வீடுகளில் கல்யாணம் கிடையாது. சாவு மட்டும் தவக்காலம் பார்க்காமல் வரும். ஆகவே அந்த நாட்களில் கம்ப்யூட்டர் பாதி நேரம் சும்மா கிடக்கும். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அண்ணன், மதுரையிலிருந்து நண்பன் கொண்டுவந்த சி.டி. ஒன்றைப் போட்டு, ராஜ்ஜியம் ஆளும் விளையாட்டை அதில் ஏற்றி வைத்திருந்தான்.

அந்தத் தவக்காலத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கோபித்துக்கொண்டு வருவது அது முதல் தடவை அல்ல. முன்பு வந்தபோதெல்லாம் சமாதானம் பேசி அனுப்பிவைத்தார்கள். ஒரு சமாதானத்தில் அத்தை தான் பார்த்துக்கொண்டிருந்த நர்சரிப் பள்ளி வேலையை விட்டாள். இன்னொரு சமாதானத்தில் அவளுடைய நகைகள் மாமாவின் தோப்பில் போர்வெல் போடப் போயின. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இந்த முறை வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் வந்தாள். பம்ப்செட் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். பாசி பிடித்த இடத்தில் பார்த்து நடக்க மாட்டாயா என்று அப்பா அவளைத்தான் திட்டினார்.

எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். எங்கள் தெருவில் என்னை யாரும் மனுஷியாக மதித்ததில்லை. "ஏ புள்ள, இங்க வா" என்பதோடு சரி. மாமா ஒருவர்தான் "வாங்க அம்மிணி, நல்லாருக்கீங்களா?" என்று கேட்பார். வரும்போதெல்லாம் தோப்பிலிருந்து கொய்யாப்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவருவார். அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவ்வளவு நல்ல மனிதரிடம் அத்தைக்கு என்னதான் சண்டை என்று எனக்கு அவள்மீது சற்று வருத்தம்கூட இருந்தது. எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் அதே வருத்தம்தான்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டு வேலை செய்ய முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தால் அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரக்கப்பட்டு அண்ணன்தான் ஒரு சாயங்காலம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு, பச்சை நிற ராஜ்ஜியம் ஒன்றை அவள் ஆளத் தொடங்கினாள்.

அந்த விளையாட்டில் நம்மைத் தவிர மற்ற ராஜாக்கள் எல்லோருக்காகவும் கம்ப்யூட்டரே ஆடும். ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு முகம், ஒரு நிறம். முகத்துக்குக் கீழே, நம்மைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது ஒரே சொல்லில் எழுதியிருக்கும். பரிசு அனுப்பினால் அந்தச் சொல் இனிக்கும். சில சுற்றுகள் போனால் வாங்கிய பரிசு மறந்துபோய் மறுபடி கசக்கும். அத்தைக்கு வாய்த்த பக்கத்து ராஜா நீல நிறம். நடுவில் ஒரு ஆறு, அந்தக் கரையில் அவன். அவனிடமிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களை அண்ணன் தமிழில் படித்துச் சொல்வான். மேலான நண்பரே, தங்கள் நாட்டின் வளம் கண்டு மகிழ்கிறோம் என்று ஆரம்பித்து, ஆற்றங்கரை ஊரை எங்களுக்குத் தந்துவிட்டால் நட்பு நீடிக்கும் என்று முடியும். நீல ராஜா ஒருபோதும் மரியாதை குறையப் பேசியதில்லை.

அத்தை கொடுத்தாள். முதலில் பொன் கொடுத்தாள், பிறகு குதிரைகள். கேட்ட ஊரையும் கொடுத்தாள். ஒரு ஆட்டத்தில் தன் இளவரசியைக்கூட அவன் மகனுக்குக் கட்டிவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் முகத்தின் கீழே சொல் மாறும், ஒப்பந்தம் எழுதுவார்கள், மேளம் ஒலிக்கும். கொஞ்ச நேரத்தில் நீலப் படை ஆற்றைத் தாண்டி வந்து நிற்கும். தலைநகரைத் தவிர மற்றதெல்லாம் போன பிறகு, ஆட்டத்தைப் பழைய இடத்திலிருந்து திரும்ப ஏற்றித் தரச் சொல்வாள். மறுபடி அதே ஆறு, அதே ராஜா. இந்தத் தடவை வேறு எதையாவது கொடுத்துப் பார்ப்பாள்.

எனக்குச் சலிப்பாக இருந்தது. உலகத்தில் எத்தனையோ தேசம் இருக்க, தோற்ற இடத்தையே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இடது கையால் மவுஸ் பிடித்தால் எந்த ராணியும் ஜெயிக்க முடியாது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். கட்டு பிரிக்கும் வரையாவது ஆட்டத்தை எனக்குத் தரலாம் என்பது என் நியாயம்.

ஒருநாள் அத்தை அண்ணனிடம், "இதுல மன்னிப்புக் கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லையாடா?" என்று கேட்டாள்.

"நீங்க என்ன தப்பு செஞ்சீங்க, மன்னிப்புக் கேக்க?"

"தெரியல. ஏதாச்சும் செஞ்சிருப்பேன்ல?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தை, அவனுக்கு உங்க மேல கோவமெல்லாம் கெடையாது. கம்ப்யூட்டருக்கு ஏது கோவம்? எந்த ஊர்ல காவல் கம்மின்னு பாக்கும். கம்மியா இருந்தா வரும். அம்புட்டுத்தான்" என்றான்.

"அப்ப நான் குடுத்ததெல்லாம்?"

"வாங்கிக்கிரும்."

அத்தை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நீல ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா காப்பிக்குக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

அதற்கடுத்த நாட்களில் அவள் ஆட்டம் மாறியது. நாடெங்கும் சிதறிக் கிடந்த வீரர்களை ஒவ்வொருவராக ஆற்றங்கரைக் கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். நீல ராஜாவின் கடிதம் வழக்கம்போல வந்தது. அத்தை முதல் தடவையாக, தர முடியாது என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் அவன் முகம் சிவந்து, கீழே இருந்த சொல் விரோதி என்று மாறியது. நீலப் படை ஆற்றின் அந்தக் கரையில் வந்து நின்றது. சில சுற்றுகள் நின்றபடியே நின்றது. பிறகு திரும்பி மஞ்சள் ராஜாவின் நாட்டுப் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் நீல ராஜாவே அத்தைக்குப் பரிசு அனுப்பினான். அண்ணனும் நானும் கத்திய கத்தலில் அப்பா உள்ளிருந்து ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தை மட்டும் சத்தம் போடவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி வரும் குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் சனிக்கிழமை மாமா வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஆட்டத்தில் இருந்தோம். அவர் பைக் வாசலில் வந்து நின்றதும் நான் முதல் ஆளாக ஓடிப்போய்க் கொய்யாப் பையை வாங்கிக்கொண்டேன். சொல்லிவைத்தாற்போல் பங்குக் கோயில் உபதேசியாரும் வந்து சேர்ந்தார். கணவன் மனைவி வழக்குகளைக் கோயிலுக்குப் போகுமுன்பே பேசி முடித்துவிடுவதில் அவருக்கு ஊரில் நல்ல பெயர். கடையிலேயே நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். அத்தை கம்ப்யூட்டர் முன்னாலிருந்த ஸ்டூலை இவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஆண்டவரு பாடுபட்ட வாரம் வருது. ஈஸ்டருக்கு முந்தி ரெண்டு பேரும் பூசைல ஒண்ணா நன்ம வாங்கணும். எறங்கிப் போறதுல ஒண்ணும் கொறஞ்சிரமாட்ட" என்றார் உபதேசியார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஏனுங்க மச்சான், நான் என்னுங்க குறை வச்சேன்? இவிய இல்லாம வீடே வீடா இல்லீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கும் கண் கலங்கியிருந்தது. அவர் அத்தையைப் பார்த்து, போய்த் துணிமணியை எடுத்துவை என்றார். அத்தை எழுந்திருக்கவில்லை.

மாமா சிரித்தபடி எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். "இதுதானுங்களா அம்மிணி, உங்க அத்தையோட ராஜ்ஜியம்?" என்று என்னைக் கேட்டார். பெரியவர்களில் ஒருவராவது கேட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு எது, கோட்டை எது, நீல ராஜா எப்படித் திரும்பிப் போனான் என்று எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினேன். மாமா என் தலையைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்குதுங்க" என்றார். பிறகு கையை நீட்டிச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார்.

"ராஜ்ஜியம் முடிஞ்சுதுங்க. கெளம்பலாமுங்களா?"

திரை சட்டென்று கறுத்தது. உபதேசியார் முதலில் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அண்ணனோ நானோ அந்தக் கம்ப்யூட்டரை அப்படி அணைத்திருந்தால் அன்றைக்கு முதுகுத்தோல் மிஞ்சியிருக்காது. நான் ஓவென்று அழுதேன். அத்தை திரையைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் வரலண்ணே" என்றாள்.

மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு மாறவே இல்லை. கோபம் தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் வீடு இரண்டுபட்டது. அப்பா அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "இந்த எழவெடுத்த ஆட்டத்த அணைச்சதுக்காடி வரமாட்டேங்குற? நாளைக்குப் பூச முடிஞ்சதும் நானே கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். ஊரு சிரிக்கிறதுக்கு முந்தி போய்ச் சேரு" என்றார். கம்ப்யூட்டருக்காகப் புருஷனை விட்டவள் என்று பிறகு ஊரெல்லாம் சுற்றிய பேச்சுக்கு முதல் வரி எழுதியது அப்பாதான். அத்தை பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அழிந்துபோன ஆட்டம். அது திரும்பக் கிடைத்தால் அத்தையின் கோபம் தீரும். கோபம் தீர்ந்தால் மாமாவோடு சந்தோஷமாகப் போவாள், அப்பாவும் கத்த மாட்டார். அண்ணனைப் பிடித்து இழுத்துவந்து கம்ப்யூட்டரைப் போடச் சொன்னேன். அது முனகிக்கொண்டே ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் சோதித்து முடிக்கும் வரை, தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோணியாரை வேண்டிக்கொண்டு நின்றேன். ஆட்டம் திறந்தது. ஆற்றங்கரைக் கோட்டை, அதற்குள் அத்தையின் வீரர்கள், எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தன.

பின்பக்கம் ஓடினேன். அத்தை ஒரு கையால் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆட்டம் அழியல! எல்லாம் அப்படியே இருக்கு!"

"தெரியும் புள்ள" என்றாள் அத்தை. "அவரு பைக்கு தெரு திரும்புறப்பவே சேவ் பண்ணிட்டேன்."

இதைவிட நல்ல சேதி வேறு என்ன வேண்டும்? அதே வேகத்தில் அப்பாவிடம் ஓடினேன். அவர் மாமாவின் வீட்டுக்குச் சொல்லிவிடுவதற்காகப் போனில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அழியவில்லை, மாமா மேல் தப்பே இல்லை, அவர் பைக் தெரு திரும்பும்போதே அத்தை சேவ் பண்ணிவிட்டாளாம், இதையும் சேர்த்து மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

அப்பா என்னையே பார்த்தார்.

"திரும்புறப்பவேவா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, அத்தையே சொன்னாங்க."

அவர் போனிலிருந்து கையை எடுத்துவிட்டார். எழுந்து பின்பக்கம் போய், துவைக்கும் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி, அத்தையின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தையின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி அவரே பிழிந்து கொடியில் போட்டார். மறுநாள் பூசை முடிந்து குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு அத்தை எங்களோடுதான் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவ்வளவு நல்ல சேதியைக் கொண்டுபோய்க் கொடுத்தும் அப்பா ஏன் மாமாவுக்கு போன் போடவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.