பேசாத சகலைகள் பெயிண்ட் அடித்த கார்

என் புருஷனும் என் அக்கா புருஷனும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பேசாதவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்த் தொலைய வேண்டியதுதானே? அதுவும் இல்லை. ஒரே தகரக் கொட்டகை. நடுவில் ஒரு தார்ப்பாய். அந்தப் பக்கம் மாமா, அதாவது அக்கா புருஷன், கார்த் தகடு தட்டி ஒட்டும் டிங்கர் வேலை பார்ப்பார். இந்தப் பக்கம் இவர் பெயிண்ட் அடிப்பார். "என் சகல அடிச்ச பெயிண்ட் சோப்புத் தண்ணியிலயே போயிடும்" என்று மாமா ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னாராம். அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வருடம். அந்த வாடிக்கையாளருக்கே அது மறந்து போயிருக்கும்.

நான் பதினான்கு வருடம் துணிக்கடையில் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். வேலைக்காரிகள் உட்கார்ந்தால் முதலாளிக்கு ஆகாது. முட்டி இரண்டும் போன பிறகுதான் புத்தி வந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு மருத்துவமனையில் நர்சுகளை ஏற்றி இறக்க வண்டி கேட்டார்கள். ஓட்டுவது பெண் என்றால் ரொம்ப நல்லது என்றார்கள். இருந்த நகையை விற்று இருபத்தைந்து வயதுக் கார் ஒன்றை வாங்கினேன். "இனிமே உங்க சம்சாரத்தக் கொண்டாந்து நிக்க வைங்க" என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அந்தப் படியில் மறுபடி ஏற முடியாது.

காருக்குத் தகுதிச் சான்று வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால், பானட்டைத் திறந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். "எஞ்சின் வைக்கிற இடமா, எலிப் பொந்தா? துருவெல்லாம் எடுத்துப் பெயிண்ட் அடிச்சு வெள்ளிக்கிழமை கொண்டு வாம்மா." வெள்ளிக்கிழமை சான்று கையில் இல்லையென்றால் நர்சு வேலை வேறொரு வண்டிக்குப் போய்விடும். அன்று திங்கள். காரை நேராகக் கொட்டகைக்கு ஓட்டிப் போனேன்.

எஞ்சினை வெளியே இறக்கிச் செய்யத்தான் இருவரும் ஆசைப்பட்டார்கள். அதற்கு ஆகும் செலவுக்கு நான் எங்கே போவேன்? பேட்டரியையும் ரேடியேட்டரையும் மட்டும் கழற்றினோம். எஞ்சினைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒயர்களை என் பழைய புடவைக் கிழிசலால் தூக்கிக் கட்டினோம். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தது நான்தான். காலையில் மாமா துரு எடுத்து ஓட்டை அடைப்பார். அவர் கிளம்பிய பிறகு இவர் வந்து உப்புத்தாள் போட்டு, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரவி, பிரைமர் அடிப்பார். நடுவில் தபால்காரி நான்.

"பேட்டரி வைக்கிற தட்டுல வெல்டிங் வச்சிருக்கேன். நோண்டாம இருக்கச் சொல்லு உன் மேதைய."

"வெல்டிங்கா அது? கோழி எச்சம் தேவல. நான் சொன்னேன்னே சொல்லு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான், யாரை நோவது?

புதன்கிழமை மாமா கிளம்பும்போது கை துடைத்துக்கொண்டே சொன்னார். "எஞ்சினுக்குப் பின்னாடி தகட்டுல சேசிஸ் நம்பர் இருக்கு. துரு தின்னு எழுத்தெல்லாம் மெலிஞ்சு போச்சு. ஈரம் படாம ரெட் ஆக்சைடு பூசியிருக்கேன். அந்த இடத்துல கை வைக்க வேணாம்னு சொல்லு. அவனுக்குத்தான் குழியக் கண்டா ஆகாதே, வழிச்சு மட்டமாக்கிடுவான்."

"நாக்குல என்ன புண்ணா உங்களுக்கு? நீங்களே சொல்லுங்களேன்."

"அவன்கிட்டயா? நானா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிந்தது.

இவர் வந்ததும் வராததுமாக, "என்ன உளறிட்டுப் போனாரு அந்தாளு?" என்றார். அதுவும் எரிந்தது.

"ஒண்ணும் சொல்லல. வேணும்னா நீங்களே போய்க் கேட்டுக்குங்க."

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரு நாளாவது இரண்டு பேரும் திண்டாடட்டும் என்று நினைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வீட்டுக்குப் போய் உலை வைத்ததோடு அதை மறந்தே போனேன்.

வியாழன் மாலை பார்த்தால், பானட்டுக்குள் சாம்பல் நிறம் பளபளவென்று நிற்கிறது. ஒரு மேடு பள்ளம் கிடையாது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நம்பர் என்று ஒன்று இருந்ததே நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கூட வந்தார்கள். தன் வேலைதான் நன்றாக இருக்கிறது என்று அதிகாரி சொல்லிக் கேட்க வேண்டுமே! காருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அதிகாரியும் அசந்துதான் போனார். "பரவாயில்லையேம்மா!" என்று குனிந்தவர் பின்னால் இருந்த தகட்டை விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"நம்பர் எங்க?"

அப்போதுதான் மாமா புதன்கிழமை சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிச் சுரண்டினார். பெயிண்ட் வந்தது, பட்டி வந்தது, அதன் கீழே வெறும் தகடு மின்னியது. என் புருஷன் கிரைண்டர் போட்டு வழித்திருக்கிறார்.

"நம்பர அழிச்ச வண்டியத் திருட்டு வண்டின்னுதான் நாங்க எழுதுவோம். விசாரணை முடியட்டும். அதுவரைக்கும் வண்டி இங்கதான்." என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"சார், இன்னிக்கு மட்டும்..." என்றேன். அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

என் புருஷன் பானட்டுக்கு மேலாக மாமாவைப் பார்த்தார். "சகல, கீழ நம்பர் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாம இருப்பேனா சகல? புதன்கிழமையே இவகிட்டச் சொல்லி விட்டேனே!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"கேட்டேன் சகல. ஒண்ணும் சொல்லலன்னுட்டா."

"பாத்தியா சகல? வேலைய நாம செஞ்சோம், குடியக் கெடுத்தது இவ."

பேருந்து நிறுத்தம் வரைக்கும் இருவரும் தோளோடு தோள் உரச, என்னைத் திட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.