ஓனர் பாய் வீடு காலி செய்த நாள்

எங்கள் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே ஒரு குட்டியானை நின்றிருந்தது. சாமான் ஏற்றுகிற சின்ன வண்டிக்கு ஓசூர்ப் பக்கம் அதுதான் பெயர். இரும்புக் கட்டில், சுருட்டிக் கட்டிய மெத்தை, டிரங்குப் பெட்டிகள், தையல் மிஷின், கேஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாக அதில் ஏறிக்கொண்டிருந்தன. மத்திகிரியில் இது அதிசயமில்லை. கம்பெனி மாறினால் ஆள் மாறும், ஆள் மாறினால் வீடு மாறும். மாதம் பிறந்தால் ஏதாவது ஒரு வாசலில் சாமான் ஏறும், இன்னொரு வாசலில் இறங்கும். ஆனால் அன்று, காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு கேட்டருகே நின்றோம். காலி செய்துகொண்டு போனவர் குடித்தனக்காரர் இல்லை, வீட்டுக்காரர். எங்கள் ஓனர் பாய்.

எங்களில் எத்தனையோ பேரைப் பெட்டி கட்ட வைத்தவர் அவர். ஓசூர் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் விற்கிற ஆணியை எங்கள் வீட்டுச் சுவரில் அடித்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. முன்னால் அவருடைய வீடு, பின்னால் வரிசையாக எங்கள் வீடுகள், நடுவில் ஒரு கொய்யா மரம். தண்ணீர் மோட்டாரை அவர்தான் போடுவார், அவர்தான் நிறுத்துவார். கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கிடையாது. விருந்தாளி வந்தால் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டே நம் வாசலுக்கு வந்து, "ஊருக்கு எப்பங்க பயணம்?" என்று விருந்தாளியையே நேராகக் கேட்டுவிடுவார். என் மாமியார் அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்காக நான் பாய்க்கு நன்றி சொல்லவேண்டும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

பாயின் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். குழந்தை இல்லை. நான் ஊதுபத்திப் பெட்டி மாதிரி ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் கைக்குழந்தையோடு குடியேறி, இரண்டாம் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், என் மகள் முக்கால்வாசி நேரம் அவர் மடியில்தான் கிடந்தாள். ஜன்னல் பக்கத்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஒரு காலால் மிஷினை மிதித்தபடி இன்னொரு காலால் தொட்டிலை ஆட்டுவார். பாய் எங்களை அதட்டும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் நின்று, கண்டுகொள்ளாதே என்று கையைக் காட்டுவார்.

அந்த அம்மாவுக்கு உடம்பில் கட்டி வந்தது. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வழி பழக்கப்பட்டதுதான். கல்லாவி, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி என்று எங்கிருந்தெல்லாமோ ஸ்கேன் கவரையும் ஃபைலையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, விடிவதற்குள் டோக்கன் எடுக்க எல்லையைத் தாண்டி ஓடுவார்கள். முந்தின நாளே வந்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே கிடப்பவர்களை எங்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். பாயம்மாவை உள்ளே சேர்த்த பிறகு, கூட இருப்பவர்களுக்கு இடமில்லை என்று வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பாய் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்.

பாயம்மா திரும்பி வரவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் பாய் என் வாசலில் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் எந்தக் குடித்தனக்காரர் வாசலிலும் உட்கார்ந்ததில்லை. "இத்தன வீட்டுக்கு ஓனரு. ஒரு செருப்பைத் தலைக்கு வச்சிக்கிட்டு படுத்திருந்தேம்மா. பக்கத்துல ஒரு ஆளு, மாந்தோப்புக் காவக்காரன், அவனும் செருப்பைத்தான் வச்சிருந்தான். போர்வைய எனக்கும் சேர்த்து இழுத்துப் போத்திவிட்டான்" என்றார். அதன் பிறகு எங்கள் விருந்தாளிகளை அவர் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கே அது பயமாக இருந்தது.

ஒருநாள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இந்த இடம் முழுவதையும், முன்வீடு உட்பட, நோயாளிகளும் கூட வருகிறவர்களும் தங்குவதற்காக எழுதிக் கொடுக்கப் போகிறாராம். ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சின்ன அறக்கட்டளை, அதை நடத்திய ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், அவர்களுக்குத்தான். எங்களுக்கு வருஷக் கணக்கில் அவகாசம், அவசரமில்லை என்றார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அது வீடு தேடச் சொல்லும் செய்தியும்தானே? "நன்மை அவருக்கு, அலைச்சல் நமக்கு" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கும் கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கு மனசு இளகுவதற்கு எங்கள் வீடுதானா கிடைத்தது என்று பாத்திரங்களை ஓங்கி வைத்தேன்.

பாய்க்கு ஒரு தம்பி, பெங்களூரில் கிரானைட் வியாபாரம். வாரிசு என்றால் அவர்தான். அந்த இடத்தின் மேல் அவருக்குக் கண் இருந்தது என்பதைவிட, கணக்கே இருந்தது என்று சொல்லலாம். "உயில் எழுதி வச்சிடுண்ணே, உன் காலத்துக்குப் பொறவு பாத்துக்கலாம்" என்று தேனாகப் பேசினார். ஆனால் அவர்கள் மார்க்கத்தில் உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாருக்குப் போகாது, வாரிசு சம்மதித்தால்தான் உண்டு என்று வக்கீல் சொல்லிவிட்டார். முழுசாகக் கொடுப்பதானால் உயிரோடும் நல்ல உடம்போடும் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். பாய்க்கு ஏற்கெனவே மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. அதனால் தாமதிக்காமல் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்த் தானப் பத்திரத்தைப் பதிந்துவிட்டு வந்தார். அன்று காம்பவுண்டு முழுவதும் பிரியாணி. டீச்சர் அழுதுவிட்டார். கேட்டில் புதுப் பலகை ஏறியது. காலியாக இருந்த இரண்டு வீடுகளில் முதல் நோயாளிகள் வந்து தங்கினார்கள்.

மறுநாள் காலையில் பாய் வழக்கம்போல எழுந்து மோட்டார் போட்டார்.

அதில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. முன்வீட்டில் அவர்தானே இருந்தார், வேறு எங்கே போவார்? சாவிக்கொத்து இடுப்பில், கொய்யா மரத்தடியில் நாற்காலி, புதிதாக வந்த நோயாளியிடம் "குழாயை இறுக்கி மூடுப்பா" என்று ஓர் அதட்டல். டீச்சரும், கொடுத்த மனுஷரைக் கிளம்புங்கள் என்று எந்த வாயால் சொல்வார்? அவர் காலம் வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பக்ரீதுக்கு வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் காதுபடவே நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, நீ இன்னும் குடுக்கவே இல்ல. குடுத்தவன் எவனாச்சும் அதே வூட்ல சாவிய சொருகிக்கிட்டு உக்காந்திருப்பானா? வூடு உன் கையிலதான இருக்குது? உனக்குப் பொறவு நான் போயி கேட்டா, கோர்ட்டுல இந்தப் பத்திரம் நிக்காது, பாத்துக்கோ."

பாய் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினார், வக்கீலிடம் ஓடினார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். காகிதத்தில் கொடுத்தால் ஆகாது, பொருள் கைமாற வேண்டும். தான் குடியிருக்கிற வீட்டைக் கொடுக்கிறவர் தன் சாமான்களோடு அதை விட்டு இறங்க வேண்டும். அதற்குள் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் தம்பிக்குப் போய்விடும், வராந்தாவில் படுக்கிறவர்கள் வராந்தாவிலேயே படுப்பார்கள் என்பதுதான் அவரைத் தின்றது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், நான் கொண்டுபோன டீயை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, வாடகைக்கு வீடு எப்படிங்க தேடுறது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. என் வார விடுமுறைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு 'டு லெட்' பலகை தொங்கிய தெருக்களில் நடந்தேன். முதல் வீட்டில் எத்தனை பேர் என்றார்கள். "நான் ஒருத்தன்தான்" என்றார். "பேச்சிலருக்குத் தர்றதில்லீங்க" என்றாள் அந்த வீட்டுக்காரி. தெருமுனை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்து, அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு இருமல் வரும் வரை சிரித்தார். "இந்த வயசுல நானு பேச்சிலராம்மா! பசங்களை எல்லாம் நான் சொல்லித் தொரத்தினது எனக்கே வருது பாரு." இன்னும் சில வீடுகளில் பெயரைக் கேட்டதும் வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அந்த வீட்டுக் கதவில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது.

கடைசியில் என் ஊரான கல்லாவியில், என் சித்தப்பா வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் இருந்தது. சித்தப்பா மாடு வைத்திருக்கிற விவசாயி. "யாரா இருந்தா என்னா, மனுசன் நல்லவருன்னு நீ சொல்ற, வரச் சொல்லு" என்றார். கடையை வேலை பார்த்தவரிடமே ஒப்படைத்துவிட்டு, பாய் கல்லாவிக்குக் கிளம்பினார்.

அந்தக் குட்டியானை நின்ற காலை அதுதான். ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. எதையாவது விட்டுவிட்டுப் போனால் அதுவே சாக்காகிவிடும் என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். கொய்யா மரத்தை மட்டும் எடுத்துப் போக முடியாது. பாயம்மா வைத்த மரம். "எப்ப வேணாலும் வந்து பறிச்சுக்கோங்க பாய்" என்று டீச்சர் சொன்னார். "அது இனி உங்க மரம் டீச்சர். கேட்டுட்டுத்தான் பறிக்கணும்" என்றார் பாய். ஒவ்வொரு அறையாகப் போய் நின்றார். ஜன்னல் பக்கத்தில், தையல் மிஷின் இருந்த இடத்தில் மட்டும் சற்று அதிக நேரம் நின்றார். பிறகு எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சாவிக்கொத்தை டீச்சர் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். என்னைக் காலி செய்யச் சொன்னபோதுகூட அப்படி அழவில்லை.

அடுத்த பெருநாளைக்குத் தம்பி கல்லாவிக்கு வந்தாராம். வெயில் காய்கிற மாடிப் போர்ஷனில் அண்ணன் தரையில் பாய் விரித்துச் சோறு போட்டிருக்கிறார். "கீழ மாட்டுச் சாணி நாத்தம் வருதேண்ணே" என்றாராம். "ஓனர்கிட்ட சொல்ல முடியுமாடா?" என்று பாய் கேட்டாராம். தம்பி சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். இடத்தைப் பற்றி அதன் பிறகு வாய் திறக்கவில்லை என்று சித்தப்பா சொன்னார்.

இப்போது மத்திகிரியில் அந்தத் தெருவை அடையாளம் சொல்ல முடியாது. எங்கள் காம்பவுண்டைச் சுற்றி நாலு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நாங்கள் பக்கத்து லேஅவுட்டில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டோம். என் சுவரில் நான் இஷ்டத்துக்கு ஆணி அடிக்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். பாய் அந்தத் தெருவுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று டீச்சரிடம் பேசிவிட்டுப் போவார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே காலடி வைத்ததில்லை.

போன வருஷம் அவருக்கு மூச்சிரைப்பு முற்றிப் பெங்களூரில் காட்டச் சொன்னார்கள். விடிகாலையில் அங்கே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தங்கச் சொன்னேன். இல்லை, அந்த வீட்டிலேயே தங்குகிறேன் என்றார். எல்லோரையும் போல விருந்தாளியாகத் தங்கலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். சாயங்காலம் நான் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் தனி அறை தருகிறேன் என்று மன்றாடியும் கேட்காமல், பொது அறையில், சுவரோரப் பாயில் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய பழைய முன்வீட்டுக் கூடம்.

பக்கத்தில் ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவர், சீக்காளிக் கணவனை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"கல்லாவிம்மா."

"இவ்ளோ பெரிய வூட்ட சும்மா தங்க வுட்டிருக்காங்களே, யாரு வூடுங்க இது?"

நான் வாயைத் திறந்தேன். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "டீச்சரம்மா வூடுங்க" என்றார். பிறகு கையை நீட்டி, தையல் மிஷின் இருந்த இடத்தைக் காட்டினார். "அந்த ஜன்னலோரம் படுக்க வைம்மா. ராத்திரில அங்கதான் காத்து நல்லா வரும்."

அந்த அம்மா ஒரு கோரைப்பாயை இழுத்து அங்கே விரித்தார். கணவனை மெல்லச் சாய்த்துவிட்டுத் திரும்பி, "அட ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"முன்னாடி கொஞ்ச நாளு தங்கியிருக்கேம்மா" என்றார் ஓனர் பாய்.