மருதாயி கழுவிய குழாய்கள்

மருதாயிக்கு எந்தச் சாமானையும் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்தால்தான் மனசு அடங்கும். குளத்தூர் தாலுகாவில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையம் திறந்தபோது, அவள் புருஷன் ராக்கனைப் பொலிகாளை பராமரிக்க எடுத்தார்கள். கூட்டிப் பெருக்கவும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவவும் அவளை வைத்துக்கொண்டார்கள். அது ஐம்பத்தாறாம் வருஷம்.

காளை சிந்தி சாதி. ராக்கன் அதைச் செவலை என்றுதான் கூப்பிடுவான். மற்ற யார் கிட்டே போனாலும் தலையைத் தாழ்த்திச் சீறும். அவன் குரல் கேட்டால் தாடையை அவன் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாசத்தில் அம்மைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு ராக்கன் வாய் திறந்து பேசியது செவலையிடம் மட்டும்தான். மருதாயிக்கு அதில் வருத்தமில்லை. யாரிடமாவது பேசுகிறானே என்றிருந்தது.

முதல் வருஷம் சுற்றுப்பட்டு ஊர்களில் செவலைக் கன்றுகளாகப் பிறந்தன. அதைப் பார்த்து இன்னும் பல ஊர்க்காரர்கள் கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை விந்து எடுத்தது போய் நான்கு தடவை ஆயிற்று. அந்த நேரம் பார்த்து, குழாய்களைக் காயவைக்கும் அடுப்பும் கெட்டுப்போனது. வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தால் போதும் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். காய்ந்த குழாயில் திட்டுத் திட்டாக உப்புக்கறை தெரிந்தது. மருதாயிக்குப் பொறுக்கவில்லை. மாட்டு டாக்டர் விந்து எடுப்பதற்குச் சற்று முன்னால் கொதித்து ஆறிய தண்ணீரை விட்டு இன்னொரு தடவை அலசி, சொட்டச் சொட்டக் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். ஈரம் ஆகாதென்று யாரும் சொல்லவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் ஊசி போட்ட பசுக்களெல்லாம் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. ஒன்றும் சினை பிடிக்கவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் வாசலில் நின்று ஏசினார்கள். டாக்டர் குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உயிரணுக்கள் வால் சுருண்டு செத்துக் கிடந்தன. காளைக்கு வீரியம் போய்விட்டது என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். கழித்து ஏலம் விடும்படி உத்தரவு வந்தது.

ராக்கன் அன்றுதான் டாக்டர் முன்னால் கைகட்டி நின்று பேசினான். "ரெண்டு மாசம் சும்மா விட்டுப் பாருங்கய்யா. அலுத்துப் போயிருக்குங்க." உத்தரவு வந்த பிறகு தன் கையில் ஒன்றுமில்லை என்றார் அவர். ஏலத்தில் எடுத்தவன் கறிக்கு மாடு ஓட்டுகிறவன். அவன் பிடித்து இழுத்தும் செவலை நகரவில்லை. கடைசியில் ராக்கனே முன்னால் நடந்தான். அது பின்னாலேயே மணப்பாறைச் சந்தை வரைக்கும் போனது. மறுநாள் திரும்பி வந்தவன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தான்.

அடுத்த வருஷம் புது டாக்டர் வந்தார்; புதுக் காளையும் வந்தது. வந்த வாரமே டாக்டர் மருதாயியைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். புதுக் காளையின் உயிரணுக்கள் தலைப்பிரட்டை போலச் சின்னச் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக வால் சுருண்டு நின்றுபோயின.

"இதுக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா," என்றார். "உள்ளே இருக்கிற உப்புக்கு ஏத்த உப்பு வெளியேயும் இருக்கணும். வெறும் தண்ணி பட்டா, அது உள்ளே ஏறி ஊதிப்போயிரும். குழாய்ல ஈரமே இருக்கக் கூடாது."

மருதாயி இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். "முன்ன நான் குழாய அலசி ஈரத்தோடதான் குடுத்தேன். அந்தக் காளைக்கும் இதானாங்கய்யா?"

டாக்டர் பழைய நோட்டைப் புரட்டினார். வாரம் நான்கு தடவை எடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, விந்து காளையின் உடம்புக்குள்ளேயே நாள்கணக்கில் ஊர்ந்து வந்துதான் முதிரும் என்றார். ஓயாமல் எடுத்தால் முதிராததும் சேர்ந்து வந்துவிடும்; முதிர்ந்ததே தண்ணீருக்கு நிற்காது, அந்தப் பிஞ்சுத் தோல் எப்படித் தாங்கும்? "காளை மேல குத்தம் இருந்திருக்காதும்மா. ஓய்வு குடுத்து, காஞ்ச குழாய்ல எடுத்திருந்தா சரியாயிருக்கும்."

அவள் நேராகத் தொழுவத்துக்குப் போனாள். ராக்கன் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தான். அடித்தாலும் அடிக்கட்டும் என்று, அலசிக் கொடுத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

"நீ தண்ணி விட்டே. வாரத்துக்கு நாலு தடவ அதப் புடிச்சாந்து நிறுத்துனவன் நாந்தானே," என்றான். "அது எம்மேல உள்ள நம்பிக்கையில வந்துச்சு. சந்தைக்கும் அப்படித்தான் வந்துச்சு."

அந்த மாசச் சம்பளம் வாங்கியதும் அவன் வேலையை விட்டான். சித்தன்னவாசல் பக்கம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போனான். அறுபத்து மூன்றாம் வருஷம் நெஞ்சு வலி வந்து போய்ச்சேரும் வரை ஒரு மாட்டையும் தொடவில்லை. மருதாயி நிலையத்திலேயே இருந்தாள். போக வேறு இடமில்லை. அத்தனை வருஷத்தில் ராக்கன் ஒரு நாளும் அவளைக் குத்திக் காட்டவில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தால் அவன் காலைப் பிடித்து அழுதிருப்பாள். அதற்குக்கூட அவன் இடம் கொடுக்கவில்லை.