தாலியைக் கழற்றச் சொன்ன சுறா

நான் மூணாங்கிளாஸைத் தாண்டாதவன். இன்றைக்கு ஹெப்பகோடியில் கேட், கிரில் செய்கிற பட்டறை என்னுடையது. விவேக் நகரில் மூன்று மாடி வீடு என்னுடையது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிய எரிய நானே சம்பாதித்தது. அதனால் படித்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது. சிரிப்புதான் வரும்.

போன டிசம்பர் லீவில் உடுப்பிக்கு மேலே ஒரு கடற்கரைக்குப் போனோம். நான், என் சம்சாரம், மகள், எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகன். சம்சாரம் கடலை பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறாளே தவிர, கால் நனைத்ததில்லை. "ஒரு அலையாவது என் தலைக்கு மேல போகணுங்க" என்று பெட்டி கட்டும்போதே சொல்லிவிட்டாள்.

மகள் வண்டியை ஓட்ட, மருமகன் வழிநெடுக போனைப் பார்த்துச் சுறா பாடம் எடுத்தார். விடிகாலையில் இறங்கக் கூடாதாம். பொழுது சாய்ந்தால் கூடாதாம். காயத்தோடு கூடாது, மினுக்குகிற எதையும் போட்டுக்கொண்டு கூடவே கூடாது. சக்லேஷ்பூர் மலை ரோட்டில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வளைவாலா பாடத்தாலா தெரியவில்லை.

"ஏன் மாப்ளே, இந்தப் பக்கம் சுறா யாரையாவது கடிச்சிருக்கா?"

"அப்படி எதுவும் கண்ணுல படல மாமா. இருந்தாலும் சேஃப்டி முக்கியம் இல்லையா?"

சேஃப்டி! ஹெல்மெட் வாரை மாட்டாமல் சில்க் போர்டு நெரிசலில் பைக்கை நுழைக்கிறவர் பேசுகிற பேச்சு.

அவர் புக் பண்ணியிருந்த ரிசார்ட்டுக்குத் தனி பீச் உண்டாம். போய்ப் பார்த்தேன். ஆறு வந்து கடலில் விழுகிற இடம். தண்ணீர் டீக்கடைக் கழுநீர் மாதிரி இருந்தது. பக்கத்திலேயே படகுகளை நிறுத்தி மீன் கழுவி, குடலைத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார்கள். பருந்து வட்டமடித்தது. குளிக்க ஒரு ஜீவன் இல்லை. உள்ளூர்க்காரன் கால் வைக்காத தண்ணீரில் நமக்கு என்ன வேலை? சாப்பிடப் போனால்கூட ஆட்டோக்காரர்கள் கூட்டமாக நிற்கிற ஓட்டலில்தான் நான் நுழைவேன். நம்ம மருமகனோ, சுறாவுக்கு இலை போட்டு வைத்த இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டு, அதற்கு அமைதி என்று பேர் வைத்திருந்தார்.

அதற்குள் சம்சாரம் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மருமகன் அவள் கழுத்தைப் பார்த்தார்.

"அத்தை, அந்தத் தாலிச் செயினைக் கழட்டி ரூம் லாக்கர்ல வச்சிடுங்க. மினுக்குச்சுன்னா சுறா மீன்னு நெனச்சு வரும்."

சம்சாரம் என்னைப் பார்த்தாள். மகள் நடுவில் புகுந்தாள். "அம்மா, செயின் வேணாம்னா மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டிக்கயேன். பையில வச்சிருப்பியே."

மருமகன் போனைத் தடவினார். "மஞ்சளும் ஆகாதாம். பளிச்னு தெரியுமாம்."

"அப்போ தாலிய அறுத்துட்டுத்தான் நான் கடல்ல இறங்கணுமா, மாப்ளே?"

இப்படிக் கேட்டுவிட்டுச் சம்சாரம் திரும்பிப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்குக் கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். மூக்கு விடைத்தது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற மூக்கு. அது எப்போது விடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் வாசலுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தி, ஊர் ஜனம் குளிக்கிற பீச்சுக்கு விடச் சொன்னேன்.

"அப்பா, அங்க ஒரே கூட்டம்ப்பா" என்றாள் மகள்.

"கூட்டந்தாம்மா வேணும். ஏறு."

அங்கே தண்ணீர் தெளிவாக இருந்தது. இறங்கலாம் என்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் கொடி நட்டிருந்தார்கள். காவல்காரர்கள் விசிலை வாயிலேயே வைத்திருந்தார்கள். கொடியைத் தாண்டினால் அடி விழாத குறையாகத் திட்டு விழுந்தது. பொம்பளைகள் புடவையோடு வரிசையாகக் கைகோத்து அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் கழுத்திலும் தாலி. சுறா வந்திருந்தால் நகைக்கடைக்குள் நுழைந்த ஆள் மாதிரி எதைப் பார்ப்பதென்று முழித்திருக்கும்.

"மாப்ளே, இவங்களுக்கெல்லாம் போய் உங்க பாடத்தச் சொல்லிட்டு வாங்க" என்றேன். மருமகன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சம்சாரம் தாலியை ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டாள். "சுறாவுக்காக இல்ல, அலை இழுத்துட்டுப் போயிடக் கூடாதுல்ல" என்றாள். யாரென்றே தெரியாத ரெண்டு பொம்பளைகள் இடம் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அலை இடுப்போடு போயிற்று. அடுத்தது தலைக்கு மேலேயே போனது. கொண்டை அவிழ்ந்து, வாயெல்லாம் உப்புத் தண்ணீர். துப்பிக்கொண்டே சிரித்தாள். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

பொழுது சாயவும் எல்லாரையும் ஏறச் சொல்லி விசில் அடித்தார்கள். இருட்டினால் கரையேறிவிட வேண்டும் என்ற அந்த ஒரு பாடம் சரிதான்; ஆனால் அதற்கு விசில் போதும், போன் வேண்டாம். எல்லாரும் ஏறினார்கள். இவள் மட்டும் காது கேளாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பேண்ட்டைச் சுருட்டிவிட்டு நானே இறங்க வேண்டியதாயிற்று.

"எழுந்திரு, விசில் அடிக்கிறான்."

"இருங்க, பெருசா ஒண்ணு வருது" என்று என் கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.